கல்லின் இயல்பறிந்த காவலன்

தோற்றுவாய்

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளஞ்செய்யும் தஞ்சைச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நெல்வயல்களே விரிந்து கிடக்கின்றன. வண்டல் படிந்த அந்நிலத்தில் குன்றுகள் இல்லை. கருங்கற் பாறைகளும் இல்லை. வீடும் கோயிலும் அமைப்போர் பண்டு மண்ணையும் செங்கல்லையும் மரத்தையுமே பெரிதும் நம்பினர். கல் அரிதாகிய அந்நாட்டின் தலைவாயிலாகிய தஞ்சை மாநகரில், 200 அடிக்கு மேல் உயர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது ஒரு கற்கோயில். அதனை எழுப்பிய பெருவேந்தன் முதலாம் இராசராச சோழன்.

வாளாற் பெற்ற வெற்றிகள் காலப்போக்கில் மறைந்துபோகும். இராசராசன் வென்ற நாடுகள் பின்னர்ப் பலர் கைக்கு மாறின. அவன் எழுப்பிய கோயிலோ மாறாது நிற்கிறது. சுமையை எங்கே வைத்தால் தாங்கும், எங்கே வைத்தால் முறியும் என்னும் நுட்பத்தை அறிந்து கட்டப்பட்டமையே அதற்குக் காரணம். அந்நுட்பம் கட்டடத்துக்கு மட்டுமன்றி அவனது ஆட்சிக்கும் அடிப்படையாய் அமைந்திருந்தது.

இளமை

இராசராசன் இரண்டாம் பராந்தகன் எனப்பெறும் சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாய்ப் பிறந்தான். பெற்றோர் அவனுக்கு இட்ட பெயர் அருண்மொழி என்பது. ஆதித்த கரிகாலன் அவனுடைய தமையன். குந்தவை அவனுடைய தமக்கை.

அருண்மொழியின் இளமைக் காலத்தில் சோழநாடு பழைய பெருமையை இழந்திருந்தது. கி.பி. 949-இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நிகழ்ந்த போரில் சோழர் தோல்வியுற்றனர். அதன்பின் வடபகுதிகள் பல கைநழுவிப் போயின. ஆதித்த கரிகாலன் இளவயதிலேயே சூழ்ச்சியாற் கொல்லப்பட்டான். சுந்தர சோழனும் சில ஆண்டுகளில் மறைந்தான். அருண்மொழியே அரசனாதல் வேண்டும் எனக் குடிமக்கள் விழைந்தனர். ஆயினும் தன் சிறிய தந்தையாகிய உத்தம சோழனுக்கு அரசாட்சியில் விருப்பம் உள்ளவரையில் தான் அதனை உள்ளத்தாலும் விரும்பமாட்டான் என்று அவன் ஒதுங்கி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவன் பொறுத்திருந்தான்.

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. உத்தம சோழனின் அன்னையாராகிய செம்பியன் மாதேவியார் சிவபத்தியிற் சிறந்தவர். காவிரிக் கரையிலிருந்த செங்கற் கோயில்கள் பலவற்றை அவர் கற்றளிகளாக மாற்றியமைத்தார். திருநல்லம் முதலிய ஊர்களில் அவர் செய்த திருப்பணிகள் இன்றும் காணத்தக்கவை. கல்லைக் கொணர்தலும், செதுக்குதலும், தூக்கி நிறுத்துதலும் சோழநாட்டுத் தச்சர்க்கு அக்காலத்தில் நன்கு பழகிய தொழிலாயின. அருண்மொழி வளர்ந்த காலம் அதுவேயாகும்.

அரியணையும் வெற்றிகளும்

கி.பி. 985-இல் அருண்மொழி அரியணை ஏறினான். இராசராசன் என்னும் பெயர் அவனுக்கு வழங்கலாயிற்று. காந்தளூர்ச் சாலையில் அவன் பெற்ற வெற்றி அவனுடைய கல்வெட்டுகளில் முதலிடம் பெறுகிறது. பாண்டியரும் சேரரும் பணிந்தனர். கங்கபாடியும் நுளம்பபாடியும் சோழர் வசமாயின. கடல் கடந்து சென்ற படை ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றியது. பொலன்னறுவை சோழர் தலைநகராயிற்று. முந்நீர்ப் பழந்தீவுகள் எனப்பட்ட மாலைத்தீவுகளும் வெல்லப்பட்டன.

இவ்வெற்றிகளின் மறுபக்கத்தையும் வரலாறு மறைக்கவில்லை. ஈழத்தின் பழம்பெரும் நகராகிய அனுராதபுரம் அப்போரிற் பாழடைந்தது. ஐந்தாம் மகிந்தன் தெற்கே உரோகணத்தில் அடைக்கலம் புகுந்தான். வென்ற நாடுகளிலிருந்து வந்த பொருளும் பொன்னும் தஞ்சையிற் குவிந்தன. அவற்றுள் ஒரு பகுதியே பின்னர்க் கோயிலுக்குக் கொடையாயிற்று.

போரில் வல்லவனாகிய இராசராசன் ஆட்சித் திறத்தில் அதனினும் வல்லவன். ஏறத்தாழக் கி.பி. 1001-இல் நாடெங்கும் நிலத்தை அளக்கச் செய்தான். வேலியின் மிகச் சிறிய பின்னங்களும் அளந்து எழுதப்பட்டன. எந்த ஊர் எவ்வளவு நெல் விளைக்கும், எவ்வளவு இறை செலுத்தவல்லது என்பன கணக்காயின. சுமையை அளக்காமல் தோளில் ஏற்றுதல் அறியாமை என்பதை அவ்வேந்தன் உணர்ந்திருந்தான் போலும்!

பெருங்கோயில் எண்ணம்

ஆட்சியின் பிற்பகுதியில் தஞ்சையில் இராசராசேச்சரம் என்னும் பெருங்கோயிலை அவன் எழுப்பலானான். அதற்குமுன் சோழர் கட்டிய விமானங்கள் சிறியவை. அழகிற் சிறந்த அவற்றைப் பன்மடங்கு பெரிதாக்கினால் போதாதோ என்று ஒருவர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பெரும் பிழையாம். சிறியதொன்றைத் தாங்கிய முறை பெரியதைத் தாங்காது. இதன் காரணம் கட்டடக் கலையின் உயிர்நாடி போன்றது.

உத்தரத்தின் இயல்பு

தஞ்சைச் சிற்றூர்களில் வாய்க்காலின் குறுக்கே தென்னைமரத்தைப் பாலமாகக் கிடத்துவர். அதன்மேல் நடப்பவர் கரையருகே கால் வைக்கும்போது மரம் அசைவதில்லை. நடுவிடத்தை அடைந்தவுடன் அது தாழ்கிறது. கூரையைத் தாங்கும் உத்தரமும் அத்தகையதே. அதன்மேல் ஓடும் கட்டையும் முனைக்கு முனை சீராகப் பரவிக் கிடக்கின்றன. சுமை எங்கும் ஒன்றாயிருந்தும் வளைவு நடுவிலேயே மிகுதியாகிறது.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். இரு தூண்களின்மேல் 2 மீட்டர் இடைவெளியில் ஓர் உத்தரம் கிடக்கிறது எனக் கொள்க. அதன்மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1000 கிலோ எடை பரவியுள்ளது. மொத்த எடை 2000 கிலோ. ஒவ்வொரு தூணும் 1000 கிலோவைத் தாங்குகிறது. இனி உத்தரத்தின் நடுவிடத்தை நோக்குக. ஒரு பக்கத்துத் தூண் 1 மீட்டர் தொலைவில் நின்று 1000 கிலோ வலியோடு மேல்நோக்கி உந்துகிறது. அதன் திருப்புத்திறன் 1000. அந்தப் பக்கத்துச் சுமையாகிய 1000 கிலோ, சராசரி அரை மீட்டர் தொலைவில் நின்று கீழ்நோக்கி அழுத்துகிறது. அதன் திருப்புத்திறன் 500. இரண்டற்கும் உள்ள வேறுபாடாகிய 500 என்பதே நடுவிடத்தில் உத்தரத்தை வளைக்க முயலும் வலிமை. இதனை வளைவுத் திருப்புத்திறன் என்பர். தூணின் மேலே அது சுழியாகும். கால்பங்கு தொலைவில் 375 ஆகும். நடுவில் 500 ஆகி உச்சத்தை அடையும்.

அதே சுமையோடு தூண்களின் இடைவெளியை 4 மீட்டராக்கினால் மொத்த எடை 4000 கிலோ. ஒவ்வொரு தூணும் ஏற்பது 2000 கிலோ. நடுவிடத்தில் 2000-ஐ 2-ஆற் பெருக்க 4000. சுமையின் பங்காகிய 2000-ஐ 1-ஆற் பெருக்க 2000. வேறுபாடு 2000 ஆகும். இடைவெளி இருமடங்காயிற்று, வளைக்கும் வலிமையோ நான்கு மடங்காயிற்று.

வளையும்போது உத்தரத்தின் மேற்பகுதி நெருக்குண்கிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. மரம் இரண்டையும் ஓரளவு பொறுக்கும். கருங்கல்லின் இயல்பு வேறு. நெருக்குதலைத் தாங்குவதில் அது பெருவலி படைத்தது. இழுபடுதலைத் தாங்கும் ஆற்றலோ அதற்குப் பத்தில் ஒரு பங்கு அளவே உண்டு. ஆதலால் நீண்ட கல் உத்தரத்தின் அடியில், நடுவிடத்தில், முதலில் ஒரு விரிசல் தோன்றும். மறுகணமே கல் இரண்டாக முறியும். வளைந்து காட்டி எச்சரிக்கும் வழக்கம் கல்லுக்கு இல்லை.

இனிச் சிறிய கோயிலைப் பெரிதாக்குவதில் உள்ள இடரும் விளங்கும். ஒரு கல் உத்தரத்தின் நீளம், அகலம், கனம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். அவ்வெடையால் நேரும் வளைவுத் திருப்புத்திறன் பதினாறு மடங்காகும். கல் அதனை எதிர்க்கும் திறனோ எட்டு மடங்கே பெருகும். வடிவம் மாறாமல் வளரும்தோறும் கல் தன் பாரத்தாலேயே மெலிவடைகிறது.

இவ்வுண்மையை இத்தாலிய நாட்டு அறிஞர் கலீலியோ 1638-இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்து எழுதினார். அவரும் உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் இழுபடுவதாகவே கருதினார். ஒருபுறம் நெருக்குண்டு மறுபுறம் இழுபடும் உண்மை நிலையைப் பிரெஞ்சு அறிஞர் கூலோம் 1773-இல் செம்மையாக விளக்கினார். இவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சோழநாட்டுத் தச்சர்கள் கல்லோடு பழகி, அது முறியும் இடத்தையும் முறியா இடத்தையும் தம் கைத்தொழிலால் அறிந்து கட்டினர்.

கல்லை வென்ற முறை

தஞ்சைக் கோயிலின் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்கக் காணலாம். அகன்ற வெளி வேண்டுமெனில் தூண்களை விலக்குதல் எளிது. ஆனால் உத்தரம் முறியும். ஆதலால் இடைவெளியைச் சுருக்கினர். அதனோடு அமையாது, தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை என்னும் உறுப்பை அமைத்தனர். போதிகை அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. 2 மீட்டர் இடைவெளியை அது இருபுறமுமாக அரை மீட்டர் குறைக்குமாயின், வளைக்கும் வலிமை ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்துவிடும்.

விமானத்தில் அவர்கள் காட்டிய திறம் இதனினும் வியப்புக்குரியது. ஏறத்தாழ 100 அடிச் சதுரமாய் அமைந்த அடித்தளத்தின்மேல் பதின்மூன்று நிலைகளாய் அவ்விமானம் எழுகிறது. கருவறையைச் சூழ்ந்து ஒன்றனுள் ஒன்றாய் இரண்டு சுவர்கள் உள்ளன. அவற்றினிடையே சுற்றிவரும் வழி அமைந்துள்ளது. அவ்வழியின் சுவர்களில் கீழே சோழர் கால ஓவியங்களும், மேல்நிலையில் ஆடற் கரணங்களைக் காட்டும் சிற்பங்களும் விளங்குகின்றன. அவ்விரு சுவர்களும் மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு கல்வரிசையும் தன் கீழ்வரிசையினும் சிறிதளவு முன்னே நீண்டு, இறுதியில் ஒன்றோடொன்று கூடி ஒரே தளமாகின்றன. அதன்மேல் எழும் கோபுரப் பகுதியும் இவ்வாறே வரிசைதோறும் உள்நோக்கிக் குவிந்து செல்கிறது. உள்ளே வெற்றிடம், அவ்வெற்றிடத்தைக் குறுக்காகக் கடக்கும் நெடிய கல் உத்தரத்தை நம்பி அது நிற்கவில்லை.

ஒவ்வொரு கல்லும் சிறிதளவே முன்னே நீளுதலால் அதனை வளைக்கும் வலிமையும் சிறிதாகிறது. அக்கல்லின் பின்பகுதியை மேலே உள்ள கற்களின் பாரம் அழுத்திப் பிடிக்கிறது. எந்தப் பாரம் கல்லை முறிக்கும் என அஞ்சத்தக்கதோ, அந்தப் பாரமே அதனை நிலைநிறுத்தும் காவலாகிறது. கல் தனக்கு வலிமையுள்ள நெருக்குதலையே பெரும்பாலும் ஏற்கிறது. இழுபடும் துன்பம் அதற்கு மிகக் குறைவே.

இக்கோயிலைப் பற்றி வியப்பூட்டும் கதைகள் பல வழங்குகின்றன. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பர். அது கதையே, நிழல் விழத்தான் செய்கிறது. உச்சியிலுள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பர். அது பல கற்களை இணைத்து அமைத்ததாகும். சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாரம் கட்டிக் கற்களை மேலேற்றினர் என்பது வழிவழி வந்த செய்தி. கதைகள் கூறும் வியப்பினும், கல்லின் மெலிவை அறிந்து அதற்கேற்பக் கட்டிய அறிவே பெரிய வியப்பன்றோ!

சுமையைப் பகிர்ந்தளித்தல்

கி.பி. 1010-இல், தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன்தகடு போர்த்த செப்புக் குடத்தை இராசராசன் அளித்தான். அவன் அளித்தவற்றோடு தமக்கை குந்தவையும், அரசியரும், அலுவலரும், பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். தன் பெயர் மட்டும் நிலைத்தாற் போதுமென அவன் எண்ணவில்லை. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அக்கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளது. பல ஊர்களிலிருந்து தஞ்சைக்கு வந்த நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்தம் ஊர்கள், அவர்க்கு அளித்த வீடுகள் ஆகியனவும் எழுதப்பட்டன. கணக்கர், தையற்காரர், பொற்கொல்லர், நாவிதர் முதலியோரும் விடுபடவில்லை.

கோயிலை நடத்தும் சுமையையும் அவன் ஓரிடத்தில் ஏற்றவில்லை. சோழநாட்டு ஊர்களும் ஈழத்து ஊர்களும் நெல்லும் பொருளும் அளிக்குமாறு வகுத்தான். கோயிலின் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்று, ஆண்டுக்கு ஒரு காசுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி செலுத்தி வந்தன. அத்தொகை வேளாண் ஊர்களுக்கு முதலாய்ப் பயன்பட்டது. வட்டியோ கோயிலின் நாட்செலவுக்கு உதவியது. ஒரு விளக்கு அணையாது எரிய 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளித்தனர். நெடிய உத்தரத்தைத் தவிர்த்துப் பல தூண்களை நிறுத்திய முறையே இங்கும் காணப்படுகிறது.

ஆயினும் எல்லாச் சுமையும் இறுதியில் வந்து அழுத்திய இடம் ஒன்றுண்டு. அது சேற்றில் நின்று நாற்று நட்ட உழவரின் தோள். இறை செலுத்தத் தவறியோரின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கடுமையான ஆணையும் இராசராசன் காலத்துக் கல்வெட்டில் உள்ளது. ஆற்றுநீர் பொய்த்த ஆண்டில் அந்த ஆணை எத்தனை குடும்பங்களை வாட்டியிருக்கும் என எண்ணுதலும் கடனேயாம். உத்தரத்தின் நடுவிடம் போல, நாட்டின் நடுவிடத்தில் நின்று பாரத்தைப் பெரிதும் ஏற்றவர் உழவரே. பெருங்கோயிலின் பெருமையில் வேந்தனுக்கும் பெருந்தச்சனுக்கும் உள்ள பங்கு அவர்களுக்கும் உண்டு.

இறுதியும் புகழும்

கி.பி. 1012-இல் தன் மகன் இராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சிப் பொறுப்பை அவனோடு பகிர்ந்துகொண்டான் இராசராசன். கி.பி. 1014-இல் அவன் மறைந்தான். இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் தந்தையின் வழியிலேயே மற்றொரு பெருங்கோயிலை எழுப்பினான்.

பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர், மராட்டியர், ஆங்கிலேயர் எனப் பலர் ஆட்சியைத் தஞ்சை கண்டது. வெள்ளங்களும் போர்களும் வந்து போயின. இராசராசேச்சரம் அசையாது நின்றது. 1987-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 2010-இல் அதன் ஆயிரமாம் ஆண்டு சிறப்பாகக் கொண்டாடப்பட்டது.

இன்று காவிரிக் கரையூர்களில் எழும் சிறுவீடுகளிலும் அதே விதி ஆட்சி செய்கிறது. சிமெண்டுக் கலவையும் கல்லைப்போல் நெருக்குதலைத் தாங்கும்; இழுபட்டால் விரியும். ஆதலால் இரு சுவர்களின்மேல் கிடக்கும் உத்தரத்தை வார்க்கும் கொத்தனார் முதன்மையான இரும்புக் கம்பிகளை அதன் அடிப்பகுதியில் வைக்கிறார். அடியில் வைக்கவேண்டிய கம்பியை மறந்து மேலே வைத்தால் வீடு நிலைக்காது. மெலிவு எங்கே உள்ளதென அறிந்து அங்கே துணை செய்தல் கட்டடக் கலையின் முதற்பாடம்.

தஞ்சைப் பெருங்கோயிலைக் காண்போர் அதன் உயரத்தை வியந்து நிற்கின்றனர். சற்றே நின்று, நெருங்கிய தூண்களையும், போதிகைகளையும், குவிந்து செல்லும் கல்வரிசைகளையும் நோக்குவோர்க்கு வேறொன்றும் புலனாகும். தனித்து நின்றால் முறியக்கூடிய கற்கள், ஒன்றன் பாரத்தை ஒன்று ஏற்றுக் கூடி நின்றமையாலேயே வானளாவின. இராசராசன் விட்டுச்சென்ற செல்வங்களுள் இவ்வறிவே தலையாயது.